நோன்பும் நிறையும்

உடம்பை வருத்துதல் அறமாகுமா என்னும் வினா புதியதொன்றன்று. தவத்தைப் போற்றிய சமுதாயங்கள் யாவும் ஏதோவொரு காலத்தில் இவ்வினாவை எதிர்கொண்டே வந்துள்ளன. ஆயின், இன்று அது நம்மிடையே வந்து நிற்கும் கோலம் புதியது. மரதன் போன்ற நெடுந்தூர ஓட்டங்களுக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர் சிலர், போட்டிக்கு முன்னர் ஏழு நாளோ பத்து நாளோ திண்ணிய உணவு எதனையும் உண்ணாது, பழச்சாறு மட்டும் அருந்தித் தம் நிறையைக் குறைத்துக்கொள்ள முயல்கின்றனர். இம்முயற்சியைப் ‘பழச்சாற்று விரதம்’ என அவர்கள் அழைப்பர். இது மருத்துவரும் பயிற்றுநரும் பேசவேண்டிய பொருளன்றோ, கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என வாசகர் கேட்கலாம். விரதம் என்ற சொல் அங்கு வந்து சேர்ந்ததும் அது அறத்தைப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகின்றது என்பதே எமது விடை. உணவை ஒறுப்பவர் எல்லாரும் நோன்பு நோற்பவராவரா? நோன்புக்கும் வெறும் பட்டினிக்கும் இடையே வேறுபாடு உண்டாயின், அவ்வேறுபாடு எங்கே உளது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு முன்னர் ஓர் ஒப்புதல். அவ்வாறு முயன்றவர்களுள் நானும் ஒருவன். சென்ற ஆண்டு ஓர் ஓட்டப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நிறை குறைந்தவன் விரைந்து ஓடுவான் என நண்பர் ஒருவர் சொன்னதை நம்பினேன். அது முழுப்பொய்யும் அன்று. ஓடுபவன் தன் உடம்பைத் தானே சுமந்துகொண்டு ஓடுகிறான். சுமை குறையின் செலவும் குறையும். எனவே ஏழு நாட்கள் தோடம்பழச் சாறு, கரட் சாறு, பீற்றூட் சாறு, இளநீர் என்பவற்றோடு நாட்களைக் கழித்தேன். நாள்தோறும் தராசில் ஏறி நின்றேன். ஏழாம் நாட் காலையில் நான்கு கிலோ குறைந்திருந்தது. அன்று அடைந்த பெருமிதத்தை இப்பொழுது நினைக்க நாணமாயிருக்கிறது.

அம்மம்மா ஆண்டுதோறும் கந்தசஷ்டி நோற்பவர். சாற்றுப் போத்தல்களைக் கண்டு, “ஆருக்கு மோனை இந்த விரதம்?” என்று மட்டும் கேட்டார். எந்தத் தெய்வத்துக்கு என அவர் கேட்பதாக எண்ணிச் சிரித்தேன். மறுநாள் விடியற்காலையில் நெல்லியடியிலிருந்து ஓடத் தொடங்கி வல்லைவெளியை அடைந்தபொழுது, கண் இருண்டது. எதிர்க்காற்றில் ஒரு காலை எடுத்து வைத்தது நினைவிருக்கிறது. அடுத்த காலை எடுத்து வைத்தது நினைவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் என்னைத் தூக்கியிருத்தி, தம் போத்தலில் இருந்த தேநீரைப் பருகத் தந்தார். “சாப்பிட்டியளோ தம்பி?” என்பதே அவர் முதலிற் கேட்ட கேள்வி. ஒரு கிழவியும் முன்பின் அறியாத ஒரு வழிப்போக்கரும் கேட்ட இவ்விரு கேள்விகளுமே என்னை இக்கட்டுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

முதலில் உடம்பு செய்யும் கணக்கை நோக்குவோம். மனித உடம்பிலுள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிச் சக்தியைத் தன்னகத்தே கொண்டது. நான்கு கிலோ கொழுப்புக் கரையவேண்டுமாயின் 30,800 கலோரி செலவாதல் வேண்டும். நாள்தோறும் ஓடிப் பழகும் ஓர் இளைஞன் தாராளமாகக் கணக்கிடினும் நாளொன்றுக்கு 3,000 கலோரி செலவிடுவான் எனக் கொள்வோம். ஏழு நாளில் அது 21,000 ஆகும். ஒரு துளி சாறும் அருந்தாதிருந்தாற்கூட நான்கு கிலோ கொழுப்பு ஏழு நாளிற் கரைந்திருக்க இயலாது. அவ்வாறாயின் குறைந்தது எது?

ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் வடிவில் ஏறத்தாழ 500 கிராம் காபோவைதரேற்றுச் சேமிக்கப்பட்டிருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்து பயிற்சி தொடரும்பொழுது இச்சேமிப்பு வற்றும். நீரும் உடன் வெளியேறும். பழச்சாற்றில் வெல்லம் உண்டு. புரதமோ மிக அற்பம். ஆதலின் உடம்பு தன் தசையையே உடைத்துத் தன் தேவையை நிறைவு செய்யத் தலைப்படும். எனது நான்கு கிலோவிற் பெரும்பகுதி நீரும், ஓடுவதற்கு வேண்டிய எரிபொருளும், ஓடவேண்டிய தசையின் ஒரு பங்குமேயாம். 42.195 கிலோ மீற்றர் ஓட 60 கிலோ நிறையுடைய ஒருவருக்கு ஏறத்தாழ 2,500 கலோரி தேவை. கிளைக்கோசன் முழுவதும் நிறைந்திருந்தாலும் அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 2,000 கலோரியே. முப்பது கிலோ மீற்றரைத் தாண்டியதும் பல ஓட்டவீரர் சுவரில் மோதியவர்போல் நின்றுவிடுவதற்கு இதுவே பெருங்காரணம். அத்தகைய சேமிப்பை ஓட்டத்துக்கு முன்னரே வடித்துவிட்டு ஓடப்போவது, விதைநெல்லைக் குற்றித் தின்றுவிட்டு வயலுக்குப் போவதை ஒக்கும். தராசு பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் கேட்ட கேள்வியே பிழையானது.

இத்துடன் நிறுத்திக்கொள்வோமாயின் இது அறியாமையால் விளைந்த பிழை என்றாகிவிடும். முறையறிந்து செய்தால் சரியாகிவிடும் என்றும் ஒருவர் வாதிடலாம். ஆயின் அம்மம்மாவின் கேள்வி இக்கணக்கினுள் அடங்குவதன்று. அதனை விளங்கிக்கொள்ள, நம் குடாநாட்டில் விரதம் எவ்வாறு நோற்கப்படுகிறது என்பதைக் காணவேண்டும்.

ஐப்பசி அமாவாசையை அடுத்த பிரதமையில் தொடங்கிச் சஷ்டியில் சூரன்போரோடு நிறைவெய்துவது கந்தசஷ்டி விரதம். ஆறு நாளும் நீர் மட்டும் அருந்துவோர் உளர். இளநீரோ பாலும் பழமுமோ கொள்வோர் உளர். ஒருபொழுது உண்போரும் உளர். அவரவர் உடல் வலிமைக்கேற்ப இவ்வேறுபாடுகளை மரபே அனுமதித்துள்ளது. நோற்பவர் அந்நாட்களிற் கடும் வேலைகளை ஒதுக்கிவைப்பர். கோயிலில் இருந்து புராணப்படிப்பைக் கேட்பர். உடம்புக்கு உணவு குறையும் நாட்களில் அதற்கு ஓய்வும் வழங்கப்படுகிறது. ஏழாம் நாட் காலையிற் பாறணை. அம்மம்மா பாறணைக்கு அமரும் முன்னர், தனியே வாழும் அயல்வீட்டு மூதாட்டிக்கு ஒரு பங்கு கொடுத்தனுப்புவார். அது போய்ச் சேர்ந்ததென அறிந்த பின்னரே தாம் கையில் எடுப்பார். ஆறு நாளில் தம் நிறை எவ்வளவு குறைந்ததென்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவ்விரதம் வேறொன்றாகியிருக்கும்.

விரதத்துக்கு ஒரு முகம் உண்டு என்பது இதனாற் பெறப்படும். அது எவரையோ நோக்கி நிற்கிறது. இறைவனை நோக்கியதாகலாம், மனிதரை நோக்கியதாகவும் இருக்கலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனுக்கு அருகில் ஓரிடம் பிசிராந்தையாருக்கென ஒதுக்கப்பட்டிருந்ததைச் சங்க இலக்கியம் பயின்றோர் அறிவர். காந்தியடிகள் 1943 பெப்ரவரி 10ஆம் திகதி ஆகாகான் மாளிகைச் சிறையில் தொடங்கிய இருபத்தொரு நாள் உண்ணாநோன்பிற் பழச்சாறு கலந்த நீரை அருந்தினார். அந்நோன்பு ஆட்சியாளரின் மனச்சான்றை நோக்கியிருந்தது. நம் கண்முன்னே, நல்லூரில் 1987 செப்ரெம்பர் 15 முதல் 26 வரை நீரும் அருந்தாது கிடந்து உயிர்நீத்த திலீபனின் நோன்பும் கேட்கவேண்டியவர் செவியை நோக்கியதே. இவ்வழிகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். உயிரைப் பணயம் வைத்தல் தகுமா என வாதிடலாம். ஆயின் “ஆருக்கு?” என்ற கேள்விக்கு இவை ஒவ்வொன்றிலும் விடை உண்டு.

பழச்சாறும் ஓட்டமும் ஒன்றுசேர்வது தன்னளவிற் பிழையன்று என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற் பங்கெடுத்த நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி, காந்தியத்தால் ஈர்க்கப்பட்டவர். வியட்நாம் போரை எதிர்த்துப் பலமுறை உண்ணாநோன்பிருந்தவர்; பருத்த உடலினராயிருந்து மெலிந்தவர்; பழச்சாற்றையும் இயற்கையுணவையும் பற்றிப் பலவிடத்தும் பேசியவர். அவர் 1976இல் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயோர்க்கை நோக்கி ஓடினார். உலகிற் பட்டினியால் வாடுவோரைப் பிறர் நினைவுக்குக் கொண்டுவருவதே அந்த ஓட்டத்தின் நோக்கம். அவருடைய உணவுமுறையை நாம் பின்பற்றவேண்டியதில்லை. அவர் பசித்திருந்தமை வேறு பசித்தவர்களை நோக்கியிருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்விடத்து வலிமையான மறுப்பொன்று எழும். தன்னடக்கம் தன்னளவிலேயே நன்மையன்றோ? யாரையும் நோக்காது ஒருவன் தன் நாவைத் தானே அடக்கினால் அதிற் குற்றம் என்ன? மேலும், துறவு ஒழுக்கத்தைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் சொல், ‘அஸ்கெசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல் பண்டு விளையாட்டு வீரரின் பயிற்சியையும் குறித்தது. துறவியும் ஓட்டவீரனும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவர்கள் எனின், ஓட்டவீரன் நோற்பதை மட்டும் பழிப்பது எவ்வாறு பொருந்தும்?

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. பயிற்சியும் ஒறுத்தலே என்பது மெய். விடியற்காலைத் தூக்கத்தை ஒறுக்காமல் எவரும் நெடுந்தூரம் ஓடக் கற்றதில்லை. ஆயின் பயிற்சியின் இயல்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஓடும்பொழுது தசை களைக்கிறது, நுண்ணிதாகச் சிதைகிறது; பின்னர் உணவும் உறக்கமும் பெற்று முன்னையினும் வலிதாக மீள்கிறது. வலிமை வளர்வது அந்த மீட்சியிலேயே. ஆகவே பயிற்சியென்பது உடம்போடு நிகழும் ஓர் உரையாடல். நாம் கேட்கிறோம், அது மறுமொழி தருகிறது. அது கேட்கிறது, நாம் கொடுக்கிறோம். பழச்சாற்றுப் பட்டினியில் இந்த உரையாடல் அறுந்துபோகிறது. அங்கே கட்டளை மட்டுமே உண்டு. தலைசுற்றல், நடுக்கம், குளிர் என உடம்பு சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பலவீனம் எனப் பழித்து நான் வாயடைத்தேன். தன்னடக்கம் என நான் பெயரிட்டது உண்மையில் அவசரமே. ஆறு மாதத்திற் பெறவேண்டியதை ஏழு நாளிற் பெற விரும்பியவன், நாவை அடக்கியிருக்கலாம், ஆசையை அடக்கவில்லை.

அரிஸ்ரோட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் நடுநிலையை விளக்க உணவையும் விளையாட்டு வீரரையுமே எடுத்துக்காட்டினார். பத்துப் பங்கு மிகை, இரண்டு பங்கு குறைவு என்பதற்காக எல்லாருக்கும் ஆறு பங்கே அளவு எனப் பயிற்றுநர் விதிக்கமாட்டார். மல்லனாகிய மிலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிலவந்தவனுக்கு அது மிகை என்பர் அவர். நடு என்பது எண்களுக்கு நடுவிலில்லை. ஆளையும் பணியையும் பொறுத்தது. வல்வெட்டித்துறையில் தோன்றி, 1971இற் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனின் துறையை எண்ணுக. கடலில் மணிக்கணக்காக நீந்துவோருக்குத் தோலின் கீழுள்ள கொழுப்பு குளிரைத் தடுக்கும் போர்வையாகும். மெலிவு என்பதற்கு அறப்பெறுமதி எதுவும் இல்லை. பருமை குற்றமாயின் அக்குற்றத்தைத் தாங்கியே நீச்சல்வீரர் கடலை வெல்கின்றனர்.

உடம்பை நாம் எவ்வாறு கருதுகிறோம் என்பதே ஈண்டு அடிப்படை வினா. பகைவனாகக் கருதின் அதனை வெல்ல முயல்வோம். அடிமையாகக் கருதின் ஏவுவோம். சித்தார்த்தர் ஆறாண்டுகள் உடம்பை வருத்தி, எலும்புந் தோலுமாகி, அவ்வழி மெய்யுணர்வைத் தராதெனக் கண்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார் என்பது பௌத்த மரபு. திருமூலரோ தாம் ஒருகாலத்தில் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே உறையும் மெய்ப்பொருளைக் கண்டபின் அதனைப் பேணலானதாகவும் உரைக்கிறார். இவ்விருவரும் உடம்பின் சுகத்தைப் போற்றியவரல்லர். உடம்பைப் பகைத்தலும் அதற்கு அடிமையாதலும் ஒரே மயக்கத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாள்தோறும் தராசில் ஏறி நின்ற நான் உடம்பைத் துறந்தவனல்லன். உடம்பைத் தவிர வேறெதனையும் நினையாதவன்.

இதற்குச் சான்றாக ஒரு சோதனையைக் குறிப்பிடலாம். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பாரின் தலைமையில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. உடல் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. அவர்களுடைய மனமோ உணவைச் சுற்றியே சுழன்றது. சமையற்குறிப்புகளைப் படிப்பதிற் பொழுது கழிந்தது. சினமும் சோர்வும் மிகுந்தன. பசி மனத்தை விடுவிப்பதில்லை, தன்பாற் கட்டிப்போடுகிறது என்பதை இச்சோதனை உணர்த்தியது. ஆயினும் அவ்விளைஞர்களை நாம் மதிக்கிறோம். போரினாற் பட்டினியுற்றவர்களை மீண்டும் ஊட்டி வளர்ப்பது எவ்வாறென அறிவதற்கே அவர்கள் பசித்திருந்தனர். “ஆருக்கு?” என்ற கேள்விக்கு அவர்களிடமும் விடை இருந்தது.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்லவேண்டும். நான் வன்னியிற் பிறந்தவன். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எனக்கு நினைவறியும் வயதில்லை. அம்மாவும் அந்நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கஞ்சியில் இருந்த சோற்றை எங்களுக்கு வடித்தெடுத்துத் தந்துவிட்டு அவர் தெளிநீரைக் குடித்தார் என்பதைக்கூட அம்மம்மா வாயிலாகவே அறிந்தேன். அவரும் நீராகாரத்திலேயே இருந்திருக்கிறார். அவர் நிறையும் குறைந்திருக்கும். அதனை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. எனது சாற்றுப் போத்தல்களை அவர் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்; எதுவும் சொல்லவில்லை. வல்லைவெளியிலிருந்து திரும்பிய அன்று சோற்றைக் குழைத்து என் முன்னே வைத்துவிட்டு, நான் உண்டு முடிக்கும்வரை அவ்விடத்தை விட்டு அகலாதிருந்தார்.

பிறர் பட்டினி கிடந்தனர் என்பதற்காக ஒருவன் உணவைக் குறைக்கலாகாது என்பது நியாயமான வாதமன்று. மருத்துவர் சொற்படி நிறையைக் குறைக்கவேண்டியவர் குறைத்தே ஆகவேண்டும். அதற்காக அவர் குற்றவுணர்வு கொள்ளவேண்டியதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பல வீடுகளில் ஒருவேளை உணவு குறைந்ததை நாம் கண்டோம். அந்நினைவும் எவரையும் தண்டிக்கும் கோலாகக் கூடாது. நாம் சொல்ல விழைவது வேறு. பசியைத் தாங்குதல் ஆற்றல்தான். பிறர் பசியை நீக்குதல் அதனினும் பேராற்றல் என்பது வள்ளுவரின் துணிபு. நயினாதீவே மணிபல்லவம் என அறிஞர் பலர் கருதுவர். அங்கு அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை துறவியே. ஆயினும் அவள் துறவு பிறர் பசியை ஆற்றுவதாய் முகிழ்த்தது. மே மாதந்தோறும் நம் வீதிகளிற் கஞ்சி காய்ச்சிப் பகிரப்படுகிறது. பசியின் நினைவைப் பசித்திருந்தன்று, உண்ணக் கொடுத்தே இம்மண் காத்து வருகிறது.

நான் விழுந்த வல்லைவெளிக்கு அணித்தாகவே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி உள்ளது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் அங்கிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடப்பர். நெடுந்தூரம் செல்லும் ஆற்றலுக்கு நம் குடாநாட்டில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவ்வாறு நடப்பவர்களுள் முதியோர் பலர். அவர்கள் வழியெங்கும் ஊரார் இடும் அன்னத்தை ஏற்று உண்டு நடக்கின்றனர். அவர்கள் புறப்படும் கோயிலில் உறையும் முருகனுக்கு ‘அன்னதானக் கந்தன்’ என்றே பெயர். நீண்ட வழி செல்பவன் தனியனாகத் தன்னை வென்று செல்வதில்லை, பலர் கையால் ஊட்டப்பட்டே செல்கிறான் என்பதை எந்த நூலும் இதனினும் தெளிவாக எனக்கு உணர்த்தவில்லை.

இவ்வாண்டு மீண்டும் ஓடினேன். ஆறு மாதம் முறையாகப் பயின்றேன். குரக்கன் புட்டும் பருப்பும் மீனும் முருங்கையிலைச் சுண்டலும் அம்மாவின் கையால் உண்டேன். நிறை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அது நான் தேடாமலே வந்தது. ஓட்டத்தில் எவ்வித இடமும் பெறவில்லை, ஓடி முடித்தேன். சாலையோரத்தில் நின்ற ஒரு சிறுமி நீட்டிய தோடம்பழத் துண்டை முப்பதாம் கிலோ மீற்றர் அளவில் வாங்கி உண்டபொழுது, அதே பழத்தின் சாற்றை ஓராண்டுக்கு முன் எவ்வளவு பகையோடு குடித்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

உண்ணாதிருத்தலோ உண்ணுதலோ தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. எவருக்காக என்ற கேள்விக்கு நாணாமல் விடை சொல்லக்கூடிய பட்டினி நோன்பாகலாம். விடை சொல்ல இயலாத பட்டினி, அதற்கு எத்துணை அழகிய பெயர் சூட்டினும், பட்டினியே. வரும் ஐப்பசியில் அம்மம்மாவோடு ஒருநாளேனும் சஷ்டி நோற்க எண்ணியுள்ளேன். அன்று தராசை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். பாறணைப் பங்கை அயல்வீட்டுக்கு நானே கொண்டுபோக வேண்டும்.